கையில் ஒரு பெயர்ச்சீட்டு: ஒஸ்லோவில் வில்லி பிராண்டின் தடத்தில் மூன்று மணிநேரம்

ஒஸ்லோவின் நடுநகரில் கோடை மாதங்களில் சனிக்கிழமை தோறும் நடைபெறும் ஒரு நடைச் சுற்றுலாவைப் பற்றிய மதிப்பீடு இது. நடத்துவது நான்கைந்து வழிகாட்டிகளை மட்டும் வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனம். கீழே சில குறைகளைச் சொல்ல வேண்டியிருப்பதாலும், அவற்றை அவர்களுக்கே தனியாக எழுதி அனுப்பியிருப்பதாலும், நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்துவிடுகிறேன். சுற்றுலாவின் பொருள், பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் சான்சலராக உயர்ந்த வில்லி பிராண்ட், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1933இல் நோர்வேக்கு வந்து, இங்கும் பிறகு சுவீடனிலும் நாடிழந்து வாழ்ந்த ஆண்டுகள். கட்டணம் ஆளுக்கு 420 குரோனர். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் பாதி. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு படிக்கும் என் மகளுக்கு இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரையொன்று எழுத வேண்டியிருந்தது. அவளைச் சாக்காக வைத்து நானும் போனேன்.

ஆரம்பமே சரியில்லை. முன்பதிவு செய்தபோது குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று உறுதியளித்திருந்தார்கள்; பழைய கிழக்கு ரயில் நிலையத்தின் முன்னால் போய் நின்றபோது பதினெட்டுப் பேர் இருந்தோம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் நேரம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததால் இருவர் அரை மணி முன்னதாகவே வந்து வெயிலில் காய்ந்திருந்தனர். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. அவர் நிறுவனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோற்பையிலிருந்து சிறு காகிதச் சீட்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருந்தது. மகளின் சீட்டில் ‘மார்ட்டின்’ என்றும் என் சீட்டில் ‘குன்னார் கோஸ்லான்ட்’ என்றும் அச்சிட்டிருந்தது. இன்னும் சிலருக்கு ‘ஹெர்பர்ட் ஃபிராம்’, ‘ஃபெலிக்ஸ் ஃபிராங்கே’, ‘வில்லி பிராண்ட்’. எல்லாம் ஒரே மனிதர் பயன்படுத்திய பெயர்கள் என்றும், சுற்றுலா முடியும் வரை யாரும் தத்தம் சீட்டைத் தொலைக்கக் கூடாது என்றும் சொன்னார். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் குழந்தைகளுக்கு வைக்கும் விளையாட்டைப் போலத்தான் முதலில் பட்டது. அந்த எண்ணத்தை இரண்டாம் நிறுத்தத்திலேயே கைவிட்டேன்.

முதல் நிறுத்தத்தில் சொல்லப்படுவது தப்பி வந்த கதை. ஹெர்பர்ட் ஃபிராம் 1913 டிசம்பர் 18ஆம் திகதி லூபெக் நகரில் பிறந்தார். தாய் மார்த்தா கூட்டுறவுக் கடையொன்றில் விற்பனையாளராக வேலை செய்தவர். தகப்பனை மகன் ஒருநாளும் கண்டதில்லை. வளர்த்தவர் தாத்தா முறையான லுட்விக் ஃபிராம் என்ற தொழிலாளி. பதினாறு வயதில் சமூக சனநாயகக் கட்சியில் சேர்ந்த பையன், கட்சி வலதுசாரி அரசைச் சகித்துக்கொண்டு போகிறது என்ற கோபத்தில் 1931இல் அதைவிட்டு விலகி, சோசலிசத் தொழிலாளர் கட்சி என்ற சிறிய இடதுசாரிக் குழுவில் இணைந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்தபின் 1933 மார்ச்சில் டிரெஸ்டனில் அக்குழு இரகசியமாகக் கூடியபோதுதான் ‘வில்லி பிராண்ட்’ என்ற பெயரை முதன்முதலாகப் பூண்டார். ஒஸ்லோவில் கட்சிக்கு ஒரு தளம் அமைக்க வேறொருவரைத்தான் முதலில் அனுப்பினார்கள்; பால் ஃபிரோலிக் என்ற அந்த மூத்த தோழர் ஃபேமார்ன் தீவில் பிடிபட்டுவிட்டதால் வேலை பத்தொன்பது வயது இளைஞரின் தலையில் விழுந்தது. ஏப்ரல் முதலாம் திகதி இரவு திராவமுண்டே துறையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் ஏறி, டென்மார்க்கின் லோலான்ட் தீவில் போய் இறங்கினார்.

இந்த இடத்தில் வழிகாட்டி, தான் தோளில் மாட்டியிருந்த பழைய தோற்பையை ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பிராண்ட் கொண்டுவந்தவை இரண்டு மூன்று சட்டைகள், தாத்தா கொடுத்த நூறு மார்க் பணம், மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகம். அதே அளவிலான தடித்த புத்தகமொன்றும் மடித்த சட்டைகளும் பையில் இருந்தன. மகள் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, சட்டைகளைவிடப் புத்தகம்தான் பாரம்” என்றாள். வழிகாட்டி அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இப்படியொரு பையைப் பார்த்திருந்தால் எனக்கு எதுவும் தோன்றியிராது. கையில் அந்தப் பாரம் ஏறியபோதுதான், ஊரைவிட்டு இரவோடிரவாக ஓடுகிற பையன் எதைச் சுமக்கத் துணிந்தான் என்பது உறைத்தது.

துண்டுப்பிரசுரத்தில் இந்தத் தப்பியோட்டம் 1934இல் நடந்ததாக அச்சாகியிருக்கிறது. அது 1933. வழிகாட்டி வாயால் சரியாகச் சொன்னார், தாளில் தவறாக இருக்கிறது; மாணவர்கள் தாளைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள் என்பதால் இதைச் சிறிய பிழையாக விட்டுவிட முடியவில்லை.

இரண்டாம் நிறுத்தம் யங்ஸ்தோர்கெட் சதுக்கம். நோர்வேயின் தொழிற்கட்சியும் தொழிற்சங்கங்களும் இன்றும் குடியிருக்கும் இடம் அது. பல ஆண்டுகளாக வேலைக்குப் போகும் வழியில் நான் அதைக் கடந்திருக்கிறேன். சுற்றுலாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வழிகாட்டி எங்களை ஒரு சுவரோரமாக நிறுத்தி, ஒரு கேள்வியைப் போட்டார்: வந்து சேர்ந்த முதல் வாரத்தில் இந்தப் பையனுக்கு என்னென்ன தேவைப்பட்டிருக்கும்? பதினெட்டுப் பேரும் சாப்பாடு, படுக்கை, வேலை என்று அடுக்கினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். வதிவிட அனுமதி. அக்காலத்தில் அது குறுகிய காலத்துக்கே வழங்கப்பட்டது. அரசியலில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. பிராண்டோ அரசியல் செய்வதற்காகவே அனுப்பப்பட்டவர். ஆகவே அவருடைய ஒஸ்லோ வாழ்க்கையின் முதற்கட்டம் முழுவதும், அனுமதியை நீடித்துக்கொள்வதும் அதன் நிபந்தனையை மீறுவதும் ஒரே மூச்சில் நடந்த காரியங்களாயின. வெளிநாட்டவருக்கான பொலிஸ் பிரிவு அவரை வெளியேற்ற முனைந்தபோது தொழிற்கட்சியின் தலைவர் ஒஸ்கார் தோர்ப் தலையிட்டுத் தடுத்தார். ‘ஆர்பைதர்பிளாதெ’ நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பொறுப்பாளராக இருந்த ஃபின் மூ அவருக்கு எழுத இடம் கொடுத்தார். தொழிலாளர் இயக்கத்தின் அகதி உதவி அலுவலகத்தில் சிறு வேலையும் கிடைத்தது. சில மாதங்களுக்குள் நோர்வே மொழியில் எழுதவும் கூட்டங்களில் பேசவும் பழகிவிட்டார். சீட்டுகளில் இருந்த புனைபெயர்களின் காரணம் அப்போதுதான் விளங்கியது. தடை செய்யப்பட்ட காரியத்தைச் செய்பவனுக்கு ஒரு பெயர் போதாது.

இந்த ஊரில் வெளிநாட்டவர் அலுவலக வரிசைகளில் நின்ற அனுபவம் என் தலைமுறைத் தமிழருக்கு நிறையவே உண்டு. ‘நீடிக்கப்பட்டது’ என்ற முத்திரை விழும்வரை ஒருவர் மூச்சை எப்படி அடக்கி வைத்திருப்பார் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மற்றவர்கள் அந்த நகலை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். நான் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன்.

அந்தத் தாளின் மதிப்பை விளக்க வழிகாட்டி சொன்ன சம்பவம் இது. 1934 பெப்ரவரியில் நெதர்லாந்தின் லாரன் என்ற ஊரில் இடதுசாரி இளைஞர் அமைப்புகளின் மாநாடு கூடியது. உள்ளூர் நிர்வாகம் பொலிஸை அனுப்பி அதைக் கலைத்து, கலந்துகொண்டவர்களில் நான்கு ஜேர்மானியரை எல்லைக்குக் கொண்டுபோய் ஹிட்லரின் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. பிராண்டும் பிடிபட்டவர்களில் ஒருவர். ஆனால் அவரிடம் நோர்வேயின் வதிவிட அனுமதி இருந்தது. கூட வந்திருந்த நோர்வே நண்பர்களும் அவருக்காக நின்றார்கள். அவரை பெல்ஜியம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஒரே அறையில் கைதான ஒரே நாட்டவர்களில் யார் எந்த எல்லைக்குப் போனார் என்பதை ஒரு தாள் முடிவு செய்தது. இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை; உயர்த்தாததுதான் நன்றாக இருந்தது.

இதே சதுக்கத்தில் இன்னொரு உண்மையையும் அவர் ஒளிக்காமல் சொன்னதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். 1935 மார்ச்சில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. பிராண்டைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் அதே அரசுதான், அதே ஆண்டு தஞ்சம் கொடுத்து வரவழைத்த ரஷ்யப் புரட்சித் தலைவர் துரொட்ஸ்கியை 1936 செப்டம்பரில் வீட்டுக்காவலில் வைத்து, டிசம்பரில் ஓர் எண்ணெய்க் கப்பலில் ஏற்றி மெக்சிகோவுக்கு அனுப்பியது. நீதி அமைச்சராக இருந்தவர் பின்னாளில் ஐக்கிய நாடுகளின் முதற் பொதுச் செயலாளரான திரிக்வே லீ. நோர்வேயில் நடக்கும் சுற்றுலாக்களில் நோர்வேயைப் பற்றி இப்படிக் கேட்பது அரிது. சதுக்கத்தில் அன்று சந்தை கூடியிருந்ததால் பின்வரிசையில் நின்ற ஆறேழு பேருக்கு இதில் பாதி காதில் விழவில்லை. பதினெட்டுப் பேருக்கு ஒலிபெருக்கி இல்லாமல் நடத்த முடியாது என்பதை நிறுவனம் இனியாவது உணர வேண்டும்.

அருகிலுள்ள மொல்லர்காத்தா 19ஆம் இலக்கக் கட்டடத்தை, பழைய நகரப் பொலிஸ் தலைமையகம், ஆக்கிரமிப்புக் காலத்தில் சிறை என்ற இரண்டு வாக்கியங்களோடு கடந்துவிட்டோம்.

மூன்றாம் நிறுத்தம் கார்ல் யோஹான் வீதியிலுள்ள பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்கள். பிராண்ட் 1934இல் இங்கே வரலாறு படிக்கப் பதிவுசெய்துகொண்டார். படித்தது குறைவு, ஆனால் மாணவர் என்ற தகுதி வேறொரு வகையில் உதவியது. சோசலிசத் தொழிலாளர் கட்சியின் வெளிநாட்டுத் தலைமை பாரிசில் இருந்தது. அது 1936 கோடையின் பிற்பகுதியில் அவரைப் பெர்லினுக்கே அனுப்பியது, அங்கே எஞ்சியிருந்த தலைமறைவுக் குழுவை வழிநடத்துவதற்காக. நோர்வே மாணவர் ஒருவரின் கடவுச்சீட்டில் பிராண்டின் படத்தை ஒட்டினார்கள். அந்த மாணவரின் பெயர்தான் என் சீட்டில் இருந்தது: குன்னார் கோஸ்லான்ட். லூபெக்கிலிருந்து பிராண்டைத் தேடி ஒஸ்லோவுக்கு வந்த தோழி கெர்த்ரூட் மையரைப் பெயரளவில் மணந்து, அவருக்கு நோர்வேக் குடியுரிமை கிடைக்கச் செய்தவரும் இவரே. ஒருவருக்குத் தன் பெயரையும், அவருடைய தோழிக்குத் தன் நாட்டையும் கொடுத்த மனிதர். சுற்றுலாவில் அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு நிமிடம். கையில் அவர் சீட்டை வைத்திருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

பெர்லினில் கழிந்த அந்த மாதங்களுக்கு அஞ்ஞாதவாசம் என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. குர்ஃபுர்ஸ்தென்டாம் வீதியில் ஒரு வீட்டில் வாடகை அறை. பகலில் அரச நூலகத்தில் வரலாறு படிக்கும் அயல்நாட்டு மாணவர். மற்ற நேரங்களில் தோழர்களோடு இரகசியச் சந்திப்பு. எல்லாவற்றிலும் கடினமானது பேச்சு. பிறந்த மொழியை, பிறந்த நாட்டின் தலைநகரில், அந்நியன் பேசுவதுபோலப் பிசகிப் பேச வேண்டும். கோபத்திலோ தூக்கக் கலக்கத்திலோ ஒரு வாக்கியம் இயல்பாக வந்துவிட்டால் கதை முடிந்தது. உண்மையான நோர்வேக்காரர் எவராவது எதிர்ப்பட்டுப் பேச்சுக் கொடுத்தால் அதுவும் ஆபத்து. வழிகாட்டி இங்கே குழுவிலிருந்த ஓர் ஜேர்மானியரை, தன் மொழியையே வேற்று நாட்டவர் போல உச்சரித்து இரண்டு வாக்கியம் பேசச் சொன்னார். அவர் முயன்றார், மூன்றாவது சொல்லிலேயே சுருதி பிசகித் தாய்மொழி வெளியே வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம், அவரும்தான். பிராண்ட் இதைச் சில மாதங்கள் செய்தார்.

பல்கலைக்கழக நிறுத்தத்தின் இரண்டாம் பகுதி நோபல் பரிசு பற்றியது. அதை இந்த இடத்தில் வைத்ததற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. ஒஸ்லோவில் பிராண்ட் ஈடுபட்ட வேலைகளில் ஒன்று, வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜேர்மன் பத்திரிகையாளர் கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கிக்கு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றுத்தரும் இயக்கம். நோபல் குழுவில் அமர்ந்திருந்த நோர்வே வெளிநாட்டு அமைச்சர் ஹால்வ்டான் கூட்டும் முன்னாள் பிரதமர் மூவிங்கலும் ஜேர்மனியின் பகையைக் கருதி ஒதுங்கிக்கொண்ட பிறகு, 1935ஆம் ஆண்டுக்கான பரிசு 1936 நவம்பரில் ஒசியெட்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. சினங்கொண்ட ஹிட்லர் ஜேர்மானியர் எவரும் இனி நோபல் பரிசை ஏற்கக் கூடாதென்று தடை போட்டார். அந்த அறிவிப்பு வந்த நாளில் அதற்காக உழைத்தவர் பெர்லினில் குன்னார் கோஸ்லான்டாக உட்கார்ந்திருந்தார். மகிழ்ச்சியை யாரோடும் பங்கிட்டுக்கொள்ள இயலாத நிலை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1971 டிசம்பர் 10ஆம் திகதி, இதே கட்டடத்தின் பெருமண்டபத்தில் பிராண்ட் தம் சொந்தப் பரிசைப் பெற்றார். நோபல் உரையில் ஒசியெட்ஸ்கியை நினைவுகூர்ந்தார். மண்டபத்துக்குள் எங்களை அழைத்துச் செல்லவில்லை, வாசற்படியில் நின்றே கேட்டோம். உள்ளே எட்வர்ட் முங்கின் பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் அவற்றின் படத்தைப் போட்டுவிட்டு வாசலோடு நிறுத்துவது நியாயமில்லை.

ஸ்பெயினைப் பற்றி ஒரு வாக்கியம்தான் வந்தது. 1937இன் முதற்பாதியில் பிராண்ட் பார்சிலோனாவில் செய்தியாளராக இருந்தார். குடியரசுப் பக்கத்திலேயே இடதுசாரிகள் ஒருவரையொருவர் வேட்டையாடியதை அருகிலிருந்து பார்த்தார். துடிப்பான இடதுசாரி இளைஞர் படிப்படியாக மீண்டும் சமூக சனநாயகத்துக்குத் திரும்பியதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. இன்னொன்று இங்கேயே, சண்டையில்லாமல் தேர்தல் வழியே ஆட்சிக்கு வந்து வேலை செய்த நோர்வேத் தொழிற்கட்சியைப் பக்கத்திலிருந்து கவனித்ததில் இருக்கிறது. விளம்பரத் தாள் அவரை முதல் வரியிலேயே ‘நாடுகடந்த சமூக சனநாயகத் தலைவர்’ என்கிறது. உண்மையில் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் சமூக சனநாயகக் கட்சியின் உறுப்பினரே அல்லர். 1944இல் ஸ்டொக்ஹோமில்தான் திரும்பச் சேர்ந்தார். இந்த மனமாற்றத்தைச் சொல்லாவிட்டால் கதை வெறும் சாகசமாகச் சுருங்கிவிடும். மூன்று மணிநேரத்தில் இதற்குப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்பது என் பெரிய மனக்குறை.

நான்காம் நிறுத்தம் விக்டோரியா தெராசே. வெண்ணிறமான அழகிய மாடிக்கட்டடங்கள்; 1940க்குப் பிறகு ஹிட்லரின் இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போவின் தலைமையகம். ஹிட்லரின் அரசு 1938 செப்டம்பரில் பிராண்டின் குடியுரிமையைப் பறித்துவிட்டது. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படை நோர்வேக்குள் நுழைந்தபோது அவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத மனிதர். ஜேர்மானியர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதில் ஐயமில்லை. பின்வாங்கிக்கொண்டிருந்த நோர்வேப் படையினரோடு மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் அகப்பட்டபோது, நண்பரான ஓவியர் பால் ரெனே கோகன் தம் இராணுவச் சீருடையை அவருக்குக் கொடுத்தார். புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் பால் கோகனின் பேரன் அவர். சீருடை அணிந்தவன் போர்க்கைதி. அணியாதவன் விசாரிக்கப்பட வேண்டியவன். பிராண்ட் சாதாரண நோர்வேச் சிப்பாயாக டொவ்ரேயில் சில வாரங்கள் அடைபட்டிருந்தார். நோர்வேச் சிப்பாய்களை விடுவித்தபோது அவரும் வெளியே வந்தார். அவருடைய நோர்வே மொழியில் எவருக்கும் பிசிறு தட்டவில்லை. பெர்லினில் தாய்மொழியை அந்நியமாகப் பேசித் தப்பியவர், இங்கே அந்நிய மொழியைத் தாய்மொழியாகப் பேசித் தப்பினார். கோடையில் எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போனார்; ஆகஸ்டில் ஸ்டொக்ஹோமிலிருந்த நோர்வேத் தூதரகம் அவருக்கு நோர்வேக் குடியுரிமை வழங்கியது. இலண்டனுக்குத் தப்பிய, சொந்த மண்ணை இழந்திருந்த ஓர் அரசு, நாடற்ற ஒருவருக்கு நாடு கொடுத்தது.

அதே ஆண்டு ஒக்டோபரில் அவருக்கும் கார்லொட்டா தோர்கில்ட்செனுக்கும் மகள் நின்யா பிறந்தாள். குழந்தையைப் பார்ப்பதற்கென்று டிசம்பரில் அவர் இரகசியமாக எல்லை கடந்து, ஆக்கிரமிக்கப்பட்ட ஒஸ்லோவுக்குள் வந்து போனார் என்று வழிகாட்டி சொன்னபோது குழுவில் ஓர் அமைதி விழுந்தது. என் மகள் மட்டும் என் கையைச் சீண்டி, “நீங்களும் வந்திருப்பீங்களா?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் குழு நகரத் தொடங்கிவிட்டது.

ஸ்டொக்ஹோம் ஆண்டுகள் கடைசி நிறுத்தத்தில், நகரமண்டபத்துக்கு முன்னுள்ள துறைமுக ஓரத்தில், அவசர அவசரமாகச் சொல்லப்பட்டன. நேரம் ஓடிப்போயிருந்தது, ஒருவருக்குக் கழிவறை தேவைப்பட்டது, இருவர் கிளம்பியே விட்டனர். ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. 1942இல் நண்பர்களோடு ஒரு சுவீடன்–நோர்வேச் செய்தி நிறுவனம் தொடங்கியது. ஒஸ்திரியாவின் வருங்காலச் சான்சலர் புரூனோ கிரைஸ்கி, சுவீடன் சமூக அறிவியலாளர்களான குன்னார் மிர்தால், ஆல்வா மிர்தால் முதலியோரோடு கூடி, போருக்குப் பிந்திய ஐரோப்பாவைப் பற்றி விவாதித்த சர்வதேசக் குழு. 1944 ஜூனில் ஹிட்லருக்கெதிரான சதியில் பங்குகொண்ட ஆடம் ஃபொன் திரோட் அவரை வந்து சந்தித்தது. லூபெக்கில் அவரை எழுத்துக்குப் பழக்கிய ஜூலியஸ் லேபர் அந்தச் சதிக்காக 1945 ஜனவரியில் கொல்லப்பட்டது. லேபரின் பெயர் சுற்றுலாவில் ஒரு தடவைகூட வரவில்லை. வெளியே போனவரின் கதையைச் சொல்லும்போது உள்ளே நின்றவரைச் சொல்லாவிட்டால், அடுத்து வரும் 1961ஆம் ஆண்டுக் கேள்வியின் கூர்மை எவருக்கும் தெரியாது.

அந்தக் கேள்வியை வழிகாட்டி நன்றாகவே கையாண்டார். போருக்குப் பின் பிராண்ட் ஸ்காண்டிநேவியத் தொழிலாளர் ஏடுகளுக்காக நூரெம்பெர்க் விசாரணையைப் பார்த்து எழுதினார். 1947இல் பெர்லினிலிருந்த நோர்வே இராணுவத் தூதுக்குழுவில் பத்திரிகைத் தொடர்பாளராக, நோர்வேச் சீருடையில் வேலை செய்தார். 1948 ஜூலையில் ஜேர்மன் குடியுரிமையைத் திரும்பப் பெற்றார். 1961இல் சான்சலர் பதவிக்குப் போட்டியிட்டபோது எதிரணியினர் இவை எல்லாவற்றையும் குற்றமாக்கினார்கள். பவேரியத் தலைவர் ஃபிரான்ஸ் யோசெப் ஸ்ட்ராஸ், பன்னிரண்டு ஆண்டுகள் வெளியே என்ன செய்தீர் என்று அவரைக் கேட்க வேண்டும், உள்ளே நாங்கள் என்ன செய்தோம் என்று எங்களுக்குத் தெரியும் என்றார். பெர்லினைச் சுவர் பிளந்த மறுநாளே முதிய சான்சலர் அடெனவர் மேடையில் அவரை ‘பிராண்ட், மறுபெயர் ஃபிராம்’ என்று குறித்தார்; ஆள்மாறாட்டக்காரனைப் பொலிஸ் பதிவேட்டில் எழுதும் தோரணையில். பிராண்ட் 1946இல் ஒஸ்லோவில் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘குற்றவாளிகளும் பிற ஜேர்மானியரும்’. குற்றவாளிகள் அல்லாத ஜேர்மானியரும் இருந்தனர் என்று வாதிடுவதற்காக எழுதியது. அவதூறு செய்தவர்கள் சொற்களைப் புரட்டி ‘ஜேர்மானியரும் பிற குற்றவாளிகளும்’ என்று பரப்பினார்கள். முழு நூல் ஜேர்மன் மொழியில் வெளிவர 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி, எல்லாரையும் சீட்டுகளை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். காற்றில் பதினாறு சீட்டுகள். எந்தப் பெயரை வைத்துக்கொண்டால் இவரை ஏமாற்றுக்காரர் என்பீர்கள் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலின்படி, பக்கத்திலுள்ள நோபல் அமைதி மையத்தைக் கைகாட்டி, பரிசுபெற்ற புகழ் வார்த்தைகளோடு நிறைவு செய்ய வேண்டும் போலிருக்கிறது. அகதி வாழ்க்கை முழுவதும் ஒரு பதக்கத்தை நோக்கிய படிக்கட்டு என்பதுபோல அது ஒலித்தது. பல்கலைக்கழக வாசலிலேயே சொல்லிவிட்ட பரிசை மீண்டும் இழுத்து வந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை லேபருக்கோ குன்னார் கோஸ்லான்டுக்கோ கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது குழுவின் அளவுக்காகவும் தாளிலுள்ள பிழைக்காகவும். நான்கும் அந்த ஆசிரியைக்கே. ஆகவே முன்பதிவு செய்யும்போது வழிகாட்டி யார் என்று கேட்டு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை வரும் நாளைத் தெரிந்தெடுங்கள். நோர்வே மொழியில் ஒரு சனிக்கிழமையும் ஆங்கிலத்தில் மறு சனிக்கிழமையுமாக மாறி மாறி நடக்கிறது. நோர்வே மொழி தெரிந்தவர்கள் அதிலேயே போவது நல்லது, மொழியைப் பற்றிய பகுதிகள் அதில்தான் முழுமையாக விளங்கும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது சலிப்பூட்டும். வழியில் உட்கார இடமில்லை, கழிவறைக்கு நிறுத்துவதில்லை, தூரம் அதிகமில்லையென்றாலும் நின்றே கேட்பதால் கால் கடுக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் மடக்கு நாற்காலி கொண்டுபோகலாம். சீட்டுகளைக் கடைசியில் திருப்பிக் கேட்பார்கள், அடுத்த குழுவுக்குத் தேவையாம்.